சிகரெட்டை விடுவதற்கு முதல் வேப்: சின்னதாக எதை எடுப்பது?

ஜனவரி 6, கேள்வி

ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். காலையில் கண் விழித்த கால் மணி நேரத்துக்குள் முதல் தம். சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன வேப், அதாவது மின்சிகரெட், எடுத்து சிகரெட்டை மொத்தமாக நிறுத்த நினைக்கிறேன். மேகம் மாதிரி புகை விடுகிற பெரிய கருவிதான் ஆசையை அடக்கும், சின்னது வேலைக்கு ஆகாது என்கிறார்கள். நிகோடினை 3 மில்லிகிராமில் ஆரம்பிப்பதுதான் பாதுகாப்பு என்றும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டுமே தப்பு. அதுவும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால்தான் அர்த்தம் வருகிற தப்பு.

சிகரெட் பிடிக்கிறவர் புகையை முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகுதான் நெஞ்சுக்குள் இறக்குகிறார். பெரிய கருவி அப்படி அல்ல. மூச்சு இழுக்கிற மாதிரி நேராக நுரையீரலுக்கு இழுக்க வேண்டும். காற்று தாராளமாக வரும், ஆவி மொத்தமாக வரும், திரவமும் தண்ணீராகச் செலவாகும். ஒரு நாளில் 10 மில்லி சுலபமாகக் காலியாகும். 10 மில்லியில் மில்லிக்கு 3 மில்லிகிராம் என்றால் 30 மில்லிகிராம் நிகோடின். சின்னக் கருவியில் நாளைக்கு 2 மில்லிதான் போகும். அதே 3 மில்லிகிராம் திரவத்தை அதில் ஊற்றினால் கிடைப்பது வெறும் 6. மூன்றாம் நாள் சிகரெட் பெட்டியைத் தேடுவீர்கள். மில்லிக்கு 20 மில்லிகிராம் ஊற்றினால் 2 மில்லியில் 40. இவ்வளவும் உடம்பில் சேராது, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பது நிகோடின் பிடி கெட்டியாக இருப்பதற்கான அடையாளம். நீங்கள் கால் மணி நேரம் என்கிறீர்கள். மில்லிக்கு 20-லிருந்து தொடங்குங்கள், அதற்குக் கீழே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதியில் உச்ச வரம்பும் அதுதான்: மில்லிக்கு 20 மில்லிகிராம், தொட்டி 2 மில்லி, குப்பி 10 மில்லி.

கருவியில் பார்க்க வேண்டியவை. திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய பாட், அதாவது கழற்றி மாட்டுகிற சின்னத் தொட்டி. காயில், அதாவது பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பிச்சுருள்: மின்தடை 0.8 முதல் 1.2 ஓம் வரை. சக்தி 10 முதல் 16 வாட். காற்றுத் துளையைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தி. திரவம் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரிகிற பாட். பேட்டரியின் கொள்ளளவு 500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) இருந்தால் போதும். திரை, விளக்கு, விளையாட்டு எதுவும் தேவை இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பாட் வாங்குங்கள். ஒன்று கருகுகிற இரவில் கையில் இன்னொன்று இல்லாததால்தான் பலர் மறுபடி சிகரெட்டுக்குப் போகிறார்கள்.

ஜனவரி 7

இதை நேற்றே முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். தடை உள்ள இடத்தில் கிடைப்பது கள்ளச்சரக்கு. உள்ளே என்ன திரவம், எத்தனை மில்லிகிராம் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் வேப்பை விட்டுவிட்டு தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், மாத்திரை என்று போங்கள். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

கர்ப்பிணிகளும் இருதயத்துக்கு மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் போங்கள். சிகரெட்டே பிடிக்காதவர்களுக்கும் பதினெட்டு வயதாகாதவர்களுக்கும் இந்த இழையில் எதுவும் இல்லை.

ஜனவரி 7, மாலை

500 எம்ஏஎச் போதும் என்று எழுதியதைத் திருத்துகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்கவில்லை.

500 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்றால் 1.85 வாட்-மணி. அதாவது 6,660 ஜூல். 12 வாட்டில் மூன்று விநாடி இழுப்பு ஒன்றுக்கு 36 ஜூல். வகுத்தால் 185 இழுப்பு. மின்சுற்றில் வீணாவதையும் பேட்டரி கடைசிச் சொட்டு வரை கொடுக்காது என்பதையும் கழித்தால் சுமார் 150. ஒரு சிகரெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு. உங்கள் பதினைந்து சிகரெட் 150 முதல் 180 இழுப்பு. ஆக, சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்குச் சிவப்பாகிவிடும், மிகவும் தேவைப்படுகிற இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கருவி செத்துக் கிடக்கும்.

நாளைக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர் 800 எம்ஏஎச் கீழே போகவேண்டாம். 1000 இருந்தால் நிம்மதி. அளவில் பெரிய வித்தியாசம் வராது, எடை கொஞ்சம் கூடும். சார்ஜ் துளை டைப்-சி ஆக இருக்கட்டும். கருவியின் குறிப்பில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அந்த சார்ஜரில் மட்டும் போடுங்கள். மெத்தை மேல், தலையணைக்கு அடியில், தூங்குகிற நேரத்தில் சார்ஜ் வேண்டாம்.

ஜனவரி 8

"திரவக் குப்பியில் சால்ட் என்று போட்டிருக்கிறதே, அது உப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டு உப்பு அல்ல. சாதாரண நிகோடின் காரத்தன்மை உடையது. மில்லிக்கு 12-ஐத் தாண்டினாலே தொண்டையை அறுக்கும். அதோடு பென்சோயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்தால் காரம் தணிந்து நிகோடின் சால்ட் ஆகிறது. 20 மில்லிகிராமையும் இருமாமல் இழுக்கலாம், ரத்தத்தில் ஏறுகிற வேகமும் சிகரெட்டுக்குப் பக்கத்தில் வரும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தொண்டை தடுக்காததால் அளவு தெரியாமல் இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். தலை சுற்றல், குமட்டல், விக்கல், நெற்றி வியர்வை வந்தால் நிகோடின் கூடிவிட்டது. வைத்துவிட்டுக் காற்றாட உட்காருங்கள். விடாமல் வாந்தி எடுத்தாலோ மயக்கம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிலருக்குத் தொண்டையில் அந்தக் கடி இல்லாவிட்டால் திருப்தியே வராது. அவர்களுக்கு மட்டும் 20-க்குக் கீழே, 12 மில்லிகிராம் சாதாரண நிகோடின், காற்றுத் துளையை இறுக்கி வைத்து. கேட்டவருக்கு எது என்று இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டிலும் ஒரு 10 மில்லி குப்பி வாங்கிவிடுங்கள்.

ஜனவரி 8, கொஞ்ச நேரம் கழித்து

குப்பியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: 50/50, 70/30 என்று. திரவத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டு பொருள். புரோப்பிலீன் கிளைக்கால் தண்ணீராக ஓடும், தொண்டையில் பிடிக்கும். கிளிசரின் கெட்டி, ஆவியைத் தடிமனாக்கும். சின்ன பாட்டின் காயிலில் துளைகள் ஊசிமுனை அளவு. அதில் 70 சதவீதம் கிளிசரின் ஊற்றினால் பஞ்சுக்குத் திரவம் போய்ச் சேராது, பஞ்சு கருகும். 50/50 வாங்குங்கள். குளிர் நாட்களில் இதுவே கொஞ்சம் கெட்டிப்படும், குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு ஊற்றுங்கள்.

ஜனவரி 9

கருவி வந்துவிட்டது என்கிறீர்கள். அவசரப்பட்டு இழுத்துவிடாதீர்கள்.

முதலில் பாட்டைக் கழற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். அதை உரிக்காமல் "வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. காயில் தனியாக மாட்டுகிற வகை என்றால் பக்கவாட்டுத் துளைகளில் தெரிகிற பஞ்சில் மூன்று நான்கு சொட்டு விட்டு நனைத்த பிறகு அழுத்திச் செருகுங்கள். இடைவெளி விழுந்தால் அங்கேதான் ஒழுகும். ரப்பர் மூடியைத் திறந்து குப்பி முனையை உள்ளே நுழைத்து மெதுவாக ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு மில்லிமீட்டர் காற்று இடம் விடுங்கள். மூடியை அழுத்தி மூடி, பாட்டைக் கருவியில் மாட்டாமல் நிமிர்த்தி வையுங்கள். ஐந்து நிமிடம். பிறகு பாட்டை மட்டும் வாயில் வைத்து மூன்று நான்கு தடவை லேசாக உறிஞ்சுங்கள். சூடு ஏறாமல் உறிஞ்சும்போது திரவம் பஞ்சின் நடுவுக்குப் போகும். அதன் பிறகுதான் மாட்டவேண்டும். வாட் மாற்ற முடிகிற கருவி என்றால் காயிலில் அச்சிட்டிருக்கும் எல்லையில் மிகக் குறைந்ததில் தொடங்கி, பத்து இழுப்புக்குப் பிறகு ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள்.

பொத்தான் உள்ள கருவி பெரும்பாலும் ஐந்து தடவை வேகமாக அழுத்தினால் உயிர்பெறும். பையில் போடும்போது அதேபோல் ஐந்து தடவை அழுத்தி அணைத்துவிடுங்கள்.

ஜனவரி 9, இரவு

இழுக்கும் விதம். சிகரெட் மாதிரி வெடுக்கென்று இரண்டு விநாடி இழுத்தால் ஆவி வருவதற்குள் முடிந்துவிடும். வலுவாக இழுத்தால் திரவம் குழாய்க்குள் ஏறி வாயில் சூடாகத் தெறிக்கும். கெட்டியான பானத்தை உறிஞ்சுகுழாயில் குடிப்பதுபோல் மெதுவாக, மூன்று நான்கு விநாடி. வாயில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு மூச்சோடு உள்ளே. இரண்டு இழுப்புக்கு நடுவில் இருபது முப்பது விநாடி இடைவெளி விடுங்கள், பஞ்சு மறுபடி நனைய வேண்டும்.

முதல் இரண்டு நாள் இருமல் வரும். வாய் உலரும், இந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

ஜனவரி 11

"இரண்டாம் நாளே துணி எரிந்த ருசி, காயில் மட்டமா?" காயில் மட்டமாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஐந்து நிமிடம் போதும் என்று எழுதியிருந்தேன். உங்களுடையது 1.2 ஓம் காயில், துளை இன்னும் சின்னது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டிருக்க வேண்டும், அந்தத் தவறு என் குறிப்பில்தான். அடுத்த பாட் மாட்டும்போது அப்படியே செய்யுங்கள். அடுத்தது, வாட். 1.2 ஓம் காயிலுக்கு 3.7 வோல்ட் நேராகப் போனால் 11.4 வாட்தான் வரும். நீங்கள் 16 வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 11-க்கு இறக்குங்கள். மூன்றாவது, பாட் தொட்டியில் கால்வாசி திரவம் இருக்கும்போதே நிரப்பவேண்டும். அடிவரை உறிஞ்சினால் பஞ்சு காய்ந்து கருகும்.

ஒரு தடவை கருகிய பஞ்சு மறுபடி சரியாகாது. கழுவுவது, ஊறவைப்பது எல்லாம் வீண். அந்த ருசியோடு இழுத்துக்கொண்டும் இருக்கக்கூடாது. உலர்ந்த காயில் அதிகமாகச் சூடேறும்போது திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. உடனே தூக்கிப் போடுங்கள்.

சரியாக நடந்தால் ஒரு காயில் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரும். மிட்டாய் மாதிரி தித்திக்கிற திரவத்தில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு இருக்கும். அது கம்பியில் சர்க்கரைப் பாகு கருகினாற்போல் படிந்து மூன்று நான்கு நாளில் காயிலைக் கொன்றுவிடும். பாட்டைத் தூக்கிப் பார்த்தால் திரவம் தேன் நிறத்திலிருந்து கருப்பட்டி நிறத்துக்குப் போயிருக்கும்.

ஜனவரி 12

ஒழுகல் பற்றிக் கேட்டவருக்கு.

இழுக்கும்போது களகளவென்று சத்தம் வந்தால் குழாய்க்குள் திரவம் தேங்கியிருக்கிறது. பாட்டைக் கழற்றி, அடித்துவாரத்தில் மெல்லிய காகிதத்தைப் பிடித்து, வாய் வைக்கும் பக்கத்திலிருந்து மெதுவாக ஊதுங்கள். பிறகு பாட் உட்காரும் குழியையும் இரண்டு தங்கநிறத் தொடுமுனைகளையும் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். இழுத்தாலே தானாக எரிகிற கருவியில் அந்தக் குழிக்குள்தான் காற்றழுத்தத்தை உணர்கிற உறுப்பு இருக்கிறது. அங்கே ஈரம் சேர்ந்தால் எவ்வளவு இழுத்தாலும் எரியாது, அல்லது கீழே வைத்த பிறகும் தானாக எரியும். இரண்டாவது நடந்தால் உடனே பாட்டைக் கழற்றிவிடுங்கள். காய்ந்த பிறகும் அதே கதை என்றால் கருவியை மாற்றுங்கள்.

ஆவி குளிர்ந்து நீர்த்துளியாகப் படிவது ஒழுகல் ஆகாது. நாளைக்கு ஒரு தடவை துடைத்தால் போதும். நிற்காமல் பாட் காலியாவதுதான் ஒழுகல்: ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை, காயில் வளையம் நகர்ந்திருக்கிறது, அல்லது வெயிலில் நிறுத்திய காரில் கருவி கிடந்து திரவம் இளகியிருக்கிறது.

விமானத்தில் கேபின் காற்றழுத்தம் குறையும்போது பாட் தொட்டியில் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். காலி பாட்டோடு ஏறுங்கள். கருவி கைப்பையில்தான் இருக்கவேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. 2015-லிருந்து இது சர்வதேச விதி. விமானத்துக்குள் சார்ஜும் போடக்கூடாது.

ஜனவரி 13

"ஒரு விஷத்துக்கு இன்னொரு விஷம், எல்லாம் ஒன்றுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்று அல்ல. நிகோடின் அடிமையாக்குகிறது. ஆனால் புற்றுநோயையும் நுரையீரல் அடைப்பையும் பெரும்பாலும் கொண்டுவருவது புகையிலை எரிந்து உண்டாகிற தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்றவையும். வேப்பில் எதுவும் எரிவதில்லை. அதனால் அது நல்லது என்று ஆகிவிடாது. முப்பது வருஷம் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல முப்பது வருஷத் தரவு இன்னும் இல்லை. ஏற்கனவே சிகரெட் பிடிப்பவருக்கு மட்டும்தான் இதில் லாபம்.

2019-இல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்த சோதனையில், திரும்ப நிரப்பும் சாதாரண வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பட்டை, சூயிங்கம் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம். இரண்டு குழுவுக்கும் வாராவாரம் நேரில் ஆலோசனையும் இருந்தது, அதை மறந்துவிடக்கூடாது. இதே சோதனையின் மறுபக்கம்: வேப் குழுவில் வெற்றி பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் ஆகியும் வேப்பை விடவில்லை. மற்ற குழுவில் தங்கள் பொருளை விடாதவர்கள் 9 சதவீதம். ஆகவே சிகரெட்டை விடுவது ஒரு வேலை, வேப்பை விடுவது இன்னொரு வேலை. இரண்டாவதை யாரும் தொடக்கத்தில் சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதலில் வேப் இல்லை. வரெனிக்ளின், புப்ரோப்பியான், சைட்டிசின் என்ற மருந்துகளும் பட்டை, கம் போன்ற நிகோடின் மாற்றுப் பொருட்களும்தான் இருக்கின்றன.

2019-20-இல் அமெரிக்காவில் வேப் இழுத்த சுமார் 2,800 பேர் நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தார்களே, அதையும் கேட்கிறார். அந்த நுரையீரல் நோய்க்கு முக்கியக் காரணமாகக் கண்டது வைட்டமின் ஈ அசிட்டேட், பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வந்த கஞ்சாத் திரவத்தில் கலந்த எண்ணெய்ப்பசைப் பொருள். எண்ணெய் எதுவும் நுரையீரலுக்குள் போகக்கூடாது. சமையல் வாசனைச் சாறு, மூலிகைத் தைலம் எதையும் பாட் தொட்டியில் கலக்காதீர்கள்.

ஜனவரி 15

"சிகரெட் நான்காகக் குறைந்துவிட்டது, வேப்பும் போகிறது" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். பதினைந்திலிருந்து நான்குக்கு வந்தது பெரிய விஷயம். ஆனால் இங்கே நின்றுவிடாதீர்கள். நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் மாரடைப்பு அபாயம், இருபது பிடிப்பவருக்குக் கூடுதலாக இருக்கும் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. இருதயம் எண்ணிக்கைக்கு ஏற்றபடி சலுகை தருவதில்லை.

மிச்சம் நிற்கிற நான்கு எவை என்று எழுதிப் பாருங்கள். அனேகமாக முதலாவது காலையில் எழுந்ததும். ராத்திரி முழுக்க நிகோடின் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு "பத்தவில்லை" என்று சிகரெட்டை எடுக்கிறீர்கள். பாட்டை ராத்திரியே நிரப்பி, தூங்கும் முன்பே சார்ஜ் போட்டு முடித்து, எழுந்ததும் பத்து இழுப்பு ஐந்து நிமிடத்தில் இழுங்கள். பிறகு பத்து நிமிடம் காத்திருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு நிகோடின் பட்டை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருக்கிற சிகரெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் மூன்றையும் அப்புறப்படுத்துங்கள். "அவசரத்துக்கு ஒன்று" என்று வைத்தால் அந்த அவசரம் தவறாமல் வரும்.

ஜனவரி 16

இது சாதனத்தோடு சம்பந்தம் இல்லாததுபோல் தோன்றும், ஆனால் நிறையப் பேரைக் குழப்புகிறது. சிகரெட்டை நிறுத்திய வாரத்தில் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். எல்லாவற்றையும் நிகோடின் இல்லாததன் மேல் போடுகிறார்கள். காபியும் ஒரு காரணம்.

சிகரெட் தாரில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கி வைத்திருக்கும். காபியில் உள்ள கஃபீனை உடைப்பதும் அதே நொதி. சிகரெட் நின்றதும் நொதி மெதுவாகும், அதே மூன்று கப் காபி ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். முடுக்குவது தார்தான், நிகோடின் அல்ல. ஆகவே வேப்புக்கு மாறினாலும் இது நடக்கும். முதல் வாரத்திலேயே காபியைப் பாதியாக்குங்கள்.

இதே நொதிதான் தியோஃபிலின், குளோசப்பின், ஓலன்சப்பின் மருந்துகளையும் உடைக்கிறது. இவற்றில் எதையாவது எடுப்பவர் சிகரெட்டை நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டி வரும். வார்ஃபரின், இன்சுலின் எடுப்பவர்களும் சொல்லுங்கள்.

ஜனவரி 19

வாசனை. "புகையிலை ருசியில் தொடங்குங்கள், பழகியது" என்று தனிச்செய்தியில் சிலருக்குச் சொன்னேன். யோசித்தால் அது எல்லோருக்கும் பொருந்தாது. எரிகிற புகையிலையின் ருசியைத் திரவத்தில் கொண்டுவரவே முடியாது. கிட்டத்தட்ட அது மாதிரி இருப்பதால் "ஆனால் அது இல்லையே" என்ற ஏக்கம்தான் கூடும். புதினா, பழம் என்று சம்பந்தமே இல்லாததை எடுத்தவர்களுக்கு, மூன்று வாரம் கழித்து சிகரெட் வாசனையே நாறத் தொடங்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நாக்கு சொல்வதைக் கேளுங்கள். இலவங்கப்பட்டை வாசனை மட்டும் தொண்டையை எரிக்கும், தவிர்க்கலாம்.

ஜனவரி 22

சொன்னபடி, வேப் கிடைக்காத அல்லது வேண்டாத ஆட்களுக்கு.

நாளைக்குப் பத்துக்கு மேல் சிகரெட் என்றால் 21 மில்லிகிராம் பட்டை ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். முடி இல்லாத, காய்ந்த தோலில், தினமும் இடம் மாற்றி. பயங்கரக் கனவு வந்தால் தூங்கும்போது கழற்றிவிடலாம். பட்டை அடித்தளம் மட்டும்தான், திடீர் ஆசைக்கு அது மெதுவானது. அதற்கு சூயிங்கம்: எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. பட்டையும் கம்மும் சேர்ந்து, தனியாக ஒன்றைவிட நன்றாக வேலை செய்யும்.

கம்மை மிட்டாய் மாதிரி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும் வரை மெதுவாக மெல்லுங்கள், பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். காரம் போனதும் மறுபடி மென்று வேறு இடத்தில் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பிருந்து காபி, பழச்சாறு, சோடா வேண்டாம், வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உள்ளே போகாது.

"கம் வேலை செய்யவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டவர்கள்.

ஜனவரி 23

குழந்தைகள் உள்ள வீடு என்றால் ஒரு வரி: 10 மில்லி குப்பி, மில்லிக்கு 20 என்றால் 200 மில்லிகிராம் நிகோடின். பழ வாசனை வேறு. பூட்டு உள்ள அலமாரியில். கையில் கொட்டினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு, குப்பியோடு.

பிப்ரவரி 20

சிகரெட் இல்லாமல் ஒரு மாதம் தாண்டிவிட்டீர்கள், இப்போது நிகோடினைக் குறைக்கலாமா என்கிறீர்கள். நான்கு நாள் வெறி பிடித்த மாதிரி இருந்தும் விடாமல் வந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். 20-ஐ 10 ஆக்கினால் உடம்பு இரண்டு மடங்கு இழுத்து ஈடுகட்டும், அல்லது சிகரெட்டைத் தேடும்.

இறக்கும்போதும் படி சின்னதாக இருக்கட்டும். 20-இல் ஒரு பங்கும் 10-இல் ஒரு பங்கும் கலந்தால் 15. ஒரே நிறுவனம், ஒரே வாசனை, ஒரே 50/50 என்றால் கலப்பதில் சிக்கல் இல்லை. நான்கு வாரம் 15, அடுத்து 10, அடுத்து 5. ஒவ்வொரு படியிலும் நாளைக்கு எத்தனை மில்லி போகிறது என்று குறித்துவையுங்கள். 2 மில்லி 4 மில்லி ஆகிவிட்டதென்றால் நீங்கள் இறங்கவே இல்லை, திரவம்தான் நீர்த்திருக்கிறது. ஒரு படி மேலே போய் இரண்டு வாரம் நில்லுங்கள்.

அளவோடு இடத்தையும் குறைக்கலாம். முதலில் படுக்கையறையில் இல்லை, பிறகு காரில் இல்லை, பிறகு காலை எழுந்த முதல் ஒரு மணி நேரம் இல்லை. கடைசியாகச் சொன்னது எல்லாவற்றிலும் கடினம், ஆனால் பிடி தளர்வது அங்கேதான் தெரியும்.

பிப்ரவரி 21

நேற்று விட்டது. நிகோடின் இல்லாத திரவத்துக்கு வந்த பிறகும் கருவியை உடனே தூக்கி எறிய வேண்டாம். பாட்டைக் கழற்றிக் காலி செய்து, பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து மேசை இழுப்பறைக்குள் ஒரு ஆறு மாதம் கிடக்கட்டும். முழுச் சார்ஜிலோ காலியாகவோ கிடந்தால் லித்தியம் பேட்டரி கெட்டுவிடும். பிரித்துத் திறக்காத ஒரு பாட்டும் ஒரு சின்னக் குப்பியும் பக்கத்தில். வீட்டில் ஒரு சாவோ, பெரிய சண்டையோ நடந்த இரவில் கை தேடினால் சிகரெட்டுக்கு முன்னால் அது கிடைக்கட்டும். ஆறு மாதம் கழித்துக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய பேட்டரி வாங்குகிற மின்கழிவு மையத்தில் கொடுங்கள்.